மேனேஜரின் மாத்திரை

நாய்க்கு வாங்கிய டப்பாவிலிருந்து நான்கு மாத்திரைகளைத் தட்டி, ஒரே மடக்குத் தண்ணீரில் அம்மா விழுங்கினாள். "அதுக்கு ஒண்ணு, எனக்கு நாலு. எடைக்குத் தகுந்த மாதிரி," என்றாள். காலை எட்டரை மணி. பதினோரு மணிக்கு அவள் புற்றுநோய்க்கான ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். போன முறை போகவில்லை. "இதையும் விட்டா கஷ்டம்மா, எப்படியாவது கூட்டிட்டு வா," என்று நர்ஸ் நேற்று போனில் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து, அடுத்ததை எடுத்தாள். அவ்வளவுதான்.

மெலடோனின் என்ற தூக்க மாத்திரை அது. இரண்டு வேளையும் போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிறாள். "உள்ள இருக்கற வியாதியும் தூங்குதுன்னு வச்சுக்கோ," என்கிறார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இணையத்தில் எதைப் படித்தாலும் அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, லேமினேட் செய்து கொண்டுவருவார். பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டால் அவருக்கு எதுவும் உண்மையாகிவிடும். மெலடோனினும் புற்றுநோயும் பற்றி மட்டும் ஏழு பக்கம். நான் ஏழையும் படித்தேன். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, நாய்களுக்கு, சில நோயாளிகளுக்கு. வரிக்கு வரி 'இருக்கலாம்', 'உதவக்கூடும்', 'மேலும் ஆராய வேண்டும்' என்று எழுதியிருந்தது. மாமாவின் மஞ்சள் கோடு அந்தச் சொற்களுக்கு முன்னால் நின்று, தாண்டிக் குதித்து, மறுபடி தொடங்கியிருந்தது.

ஆனால் இதில் என் பங்கும் இருக்கிறது.

வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் பையை மோந்து பார்த்துத்தான் விடும் என்பதால் எங்கள் நாய்க்கு மேனேஜர் என்று பெயர். அம்மாவின் பரிசோதனை முடிவு வந்த வாரத்தில்தான் அதன் தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. அதைத் தடவிப் பார்த்து, "துணைக்கு ஆள் வந்தாச்சு," என்று அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். பத்தாவதைப் பாதியில் விட்டு வீட்டில் இருப்பவள் நான்தானே, நான்தான் அதை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கட்டியில் ஊசியைக் குத்தி இழுத்தார். சீழ் வந்தது. "கேன்சர் இல்லம்மா, பல்லு அழுகியிருக்கு," என்றார். பல்லைப் பிடுங்கி, பத்து நாளுக்கு ஒரு மருந்து கொடுத்தார். வயசான நாய், தூங்காமல் வீட்டைச் சுற்றுகிறது என்று நான் சொன்னதால் இந்தத் தூக்க மாத்திரையையும் எழுதினார்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். "அதுக்கும் என் வியாதிதானா?" நான் வார் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "பின்ன என்ன?" என்று மாமா பதில் சொல்லிவிட்டார். அம்மா மேனேஜரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டி மறைந்தபோது அலமாரியில் மிச்சமிருந்தது இந்த டப்பா ஒன்றுதான். மாமா அதன் பெயரைப் படித்தார். கட்டியைக் கரைத்தது அதுதான் என்று முடிவு செய்து, தன் கடைக்குப் போய் இணையத்தில் தேடினார்.

இன்று எட்டாவது பக்கத்தோடு வந்தார்.

"நாய்க்குக் கரைஞ்சது உனக்குக் கரையாதாக்கா? எதுக்கு முடியக் கொட்டிக்கிட்டு அங்க போய்க் கிடக்கணும்?"

"அதுக்கு வந்தது கேன்சர் இல்ல மாமா," என்றேன்.

"யாரு சொன்னா?"

"டாக்டர். அன்னிக்கே."

"இத்தன நாளா வாய அடகு வச்சிருந்தியா?"

"நீங்க கேட்டீங்களா? கேட்டது அம்மா. பதில் சொன்னது நீங்க."

"பத்தாவது தாண்டல, எனக்குப் பாடம் நடத்துறா பாருக்கா."

"நர்ஸ்கிட்டயும் கேட்டேன். ஆராய்ச்சி நடக்குதாம். நாளைக்கே நல்லதுன்னு வந்தாலும் டாக்டரக் கேட்டுத்தான் போடணுமாம். ஊசிய விட்டுட்டு இல்ல." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்த எட்டுப் பக்கத்துல ஊசிய நிறுத்துன்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க மாமா."

அவர் தேடினார். லேமினேட் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. நகத்தால் நிமிண்டினார். நான் கை நீட்டி உதவவில்லை.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்ப அதுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"பல்லும்மா. வெறும் பல்லு."

"தெனமும் அதுகிட்டதானடி எல்லாத்தயும் சொல்லிட்டிருந்தேன். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு." டப்பாவைத் தள்ளி வைத்தாள். "எனக்கு மட்டுந்தானா?"

அணைத்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அன்று அவளைப் பாவம் பார்த்து உண்மையைச் சொல்லாமல் விட்டதால்தானே இவ்வளவும்.

"ஆமா. உனக்கு மட்டுந்தான். கெளம்பு."

நான் சொல்லிவைத்திருந்த வாடகைக் கார் கீழே வந்து ஹாரன் அடித்தது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இருடா," என்றாள் அம்மா. எழுந்து, சுவரைப் பிடித்தபடி கதவருகே போய், முக்காலியில் உட்கார்ந்தாள். தூக்கத்தில் கண்கள் செருகின. ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். அத்தோடு நின்றுவிட்டாள். இன்னொரு கால் வெறும் தரையில் இருந்தது, முந்தைய ஊசிகளில் கறுத்துப்போன நகங்களோடு. கார் மறுபடியும் ஹாரன் அடித்தது. நான் குனிந்து மற்றச் செருப்பை எடுத்து அந்தக் காலுக்கு நேராக வைத்தேன். மாட்டிவிடவில்லை. அவள் கால் விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன, மறுபடி மடங்கின.