முதல்வர் நடத்திய மாதிரிப் பாடம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே 1985-ல் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார்கள். அதன் முதல் முதல்வர் தனுஷ்கோடி. இருபத்திரண்டு வருஷம் பள்ளிகளை ஆய்வு செய்தவர். கடைசி பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தாலே வாத்தியார்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யார் குரல் எடுபடவில்லை, யார் கரும்பலகையை மறைத்து நின்றார் என்று ஒன்று விடாமல் எழுதிவிடுவார். இதைவிட என்ன தகுதி வேண்டும் என்றார் தாளாளர் சங்கிலிப்பாண்டி. அவர் பஞ்சாலை முதலாளி. தனுஷ்கோடி தாமே பாடம் நடத்தியது ஆறே மாதம்தான். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறு வருஷம் அங்கீகாரம் கொடுக்க மெட்ராஸிலிருந்து குழு வந்தது. கட்டடத்தைப் பார்த்தார்கள், பூச்செண்டு வாங்கினார்கள். பிறகு, முதல்வரே ஒரு மாதிரிப் பாடம் நடத்தட்டும் என்றார்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். பாடம் பின்னம்.

பின்னம் என்றால் என்ன என்று கேட்டார் தனுஷ்கோடி. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தமாகக் கேட்டார். அடுத்த பிள்ளையை எழுப்பிக் கேட்டார். அவருக்குக் கேட்கத்தான் தெரியும். முன்வரிசையில் இருந்த வெள்ளத்தாய் என்ற சிறுமி மெதுவாக எழுந்தாள்.

"சார், நீங்க பாடம் நடத்த வந்தியளா, பரீட்சை வைக்க வந்தியளா?"

பின்னால் நின்ற பயிற்சி மாணவிகளில் நூர்னிசா முன்னே வந்தாள்.

"சார், தோள்ல கெடக்குற துண்டைச் செத்த தாங்க."

கொடுத்தார். அவள் இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். அரை, கால், அரைக்கால் என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். முதல்வர் தந்த பயிற்சியின் பலன் மாணவிகளிடம் நன்றாகத் தெரிகிறது என்று குழு எழுதிவிட்டுப் போனது.

தனுஷ்கோடிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சங்கிலிப்பாண்டி பொன்னாடை போர்த்தும் வரை அது நீடித்தது. ஒரு மாதத்தில், துண்டைக் கொடுத்ததே தம் யோசனைதான் என்று நம்பத் தொடங்கினார். மறு வருஷம் 'துண்டு வழிக் கல்வி' என்று புத்தகம் போட்டார். மாணவிகள் ஆளுக்கொரு துண்டு கொண்டுவர வேண்டும் என்று உத்தரவானது. சரித்திர வகுப்பிலும் துண்டை மடித்தார்கள். எதற்கென்று கேட்டவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. 1993-ல் ஆசிரியர் சங்கம் ஒன்று அவருக்கு விருது கொடுத்தது.

1995 கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலையிலிருக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. தனுஷ்கோடிதான் சிறப்புப் பேச்சாளர். துண்டு வழியைச் செய்து காட்ட யாராவது வரலாம் என்றார். நாலைந்து பேர் சேர்ந்து சேத்தூர்ப் பள்ளி டீச்சரை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். நூர்னிசா. அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று போலவே மடித்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கை நல்லாத்தான் இருக்கு. ஆனா முறை பிடிபடலம்மா. என் புத்தகத்தைப் படிங்க."

"படிக்கேன் சார்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார்.