ருக்கையாவுக்கு ஏறாத இருநூறு வெள்ளி

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் வாழையிலைக் கடையில் சாப்பாடு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், ஏறியிருந்தது. குறைந்தபட்சச் சம்பளத்தை ஆயிரத்து எழுநூறாக்கிவிட்டார்களே, நான் என்ன செய்வது என்று கல்லாக்காரர் சலித்துக்கொண்டார். ரசத்தை உறிஞ்சியபடி நாட்டுப் பொருளாதாரத்தையே நான் திட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைப் பெண் போனில் யாரிடமோ சொன்னாள்: “எல்லாருக்கும் ஏறிச்சு. எனக்கு மட்டும் ஏறல லா.”

அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. இனி வரும் பெயர், ஊர், வேலை எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: தொந்தி பெருத்த முதலாளி தன் சுழல்நாற்காலியில்—

(அடித்துவிட்டேன். முதலாளிகளுக்குத் தொந்தி வைத்து வைத்து எனக்கே அலுத்துவிட்டது.)

இரண்டாவது: போர்ட் கிள்ளானில் பொழுது புலர்ந்த—

(எல்லா ஊரிலும்தான் புலர்கிறது.)

மூன்றாவது: ருக்கையா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் லைன் லீடர். பெல்ட்டில் வரும் பெட்டி எந்த லோரிக்குப் போக வேண்டும் என்று தன் லைன்காரர்களுக்குச் சொல்பவள். பதினோரு வருஷம் பெட்டி தூக்கி வாங்கிய ஆரஞ்சு வெஸ்ட் அவளுடையது. அடிப்படைச் சம்பளம் ஆயிரத்து ஐநூறு, வெஸ்ட்டுக்காக அலவன்ஸ் இருநூறு.

அரசாங்கம் இருநூறு ஏற்றியது என்று கேட்டதும், எல்லாருக்கும் இருநூறு என்றே எடுத்துக்கொண்டாள். லீடர் பெலாஞ்சா செய்யாவிட்டால் யார் செய்வது? சம்பளம் வருவதற்கு முன்பே லைன் முழுவதற்கும் தன் செலவில் பிரியாணி வாங்கிப் போட்டாள்.

(இது போதும். இதிலேயே போகலாம்.)

3

சம்பளச் சீட்டு போனில் வந்தது. அடிப்படை ஆயிரத்து எழுநூறு. அலவன்ஸ் இருந்த இடத்தில் பூஜ்யம். ருக்கையா போனை அணைத்து மறுபடி திறந்து பார்த்தாள். பூஜ்யம் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது.

சூப்பர்வைசர் சபாபதியிடம் போனாள். அவர் நல்ல மனிதர், அதனால் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பேசிக் ஆயிரத்து எழுநூறு இருக்க வேண்டுமாம், அவள் அலவன்ஸை மேலிடத்தில் அதற்குள் போட்டுவிட்டார்களாம், கைக்கு வருவது ஒரு காசு குறையவில்லையாம்.

“போன வாரம் வந்த சிந்துவுக்கு எவ்வளவுண்ணே?”

“ஆயிரத்து எழுநூறு.”

“எனக்கு?”

“அதேதான்மா.”

அவள் கண்களிலிருந்து கண்ணீர் பொல—

(பொலபொலவென்று எதுவும் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றாள், அவ்வளவுதான். எழுதிய எனக்கும் வாய் மூடவில்லை.)

4

[வாசகருக்கு ஒரு குறுக்குப் பேச்சு: கிள்ளானில் வெள்ளம் வந்துபோன பிறகு பலர் வீட்டுத் தரையைச் சிமெண்ட் கொட்டி உயர்த்துவார்கள். நல்ல காரியம். ஆனால் வாசலில் ஒரு படி இருந்ததே, அது தரைக்குள் போய்விடும். சிந்துவுக்கு ஆயிரத்து எழுநூறு கிடைப்பது நியாயம். பழைய ஆயிரத்து ஐநூறில் வாடகை கட்டிவிட்டு வயிறாரச் சாப்பிட முடியாது. ருக்கையாவின் படி எங்கே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. திட்ட ஓர் ஆள் கிடைக்காமல் நான் திகைத்து நிற்கிறேன்.]

இந்த இடத்தில் ருக்கையா நினைத்தது ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கினேன். ‘அந்தப் பொண்ணு என் பிரியாணியில ரெண்டு கோழித் துண்டு கேட்டு வாங்கித் தின்னுச்சே’ என்று நினைத்தாள். நினைத்த உடனே கூசிப் போனாள். வெட்டினால் அவள் நல்லவளாகிவிடுவாள், ஆனால் அவளாக இருக்க மாட்டாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

5

முடிவு ஒன்று: சபாபதி போராடி அலவன்ஸை மீட்டுத் தருகிறார். (எழுதும்போதே சிரித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ருக்கையா வெஸ்ட்டைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு, நிமிர்ந்த தலையோடு வெளியேறுகிறாள். எழுதி முடித்து நிம்மதியாகத் தூங்கினேன். காலையில், அடுத்த மாத வாடகையை யார் கட்டுவது, நானா என்ற கேள்வி வந்தது.

முடிவு மூன்று: அவள் வெஸ்ட்டை மடித்துச் சபாபதியிடம் கொடுக்கிறாள். “அலவன்ஸ் இல்லன்னா லீடரும் இல்லண்ணே. நானும் பெட்டி மட்டும் தூக்குறேன்” என்கிறாள். அவர் தடுக்கவில்லை. வாங்கிக்கொள்கிறார்.

இது முடிவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

6

சிந்து ஒரு பெட்டியை மார்போடு அணைத்தபடி ருக்கையாவிடம் ஓடி வருகிறாள். லேபல் கிழிந்திருக்கிறது. “அக்கா, இது எந்த லோரிக்கா?” வெஸ்ட் இல்லாததை அவள் கவனிக்கவே இல்லை.

ருக்கையாவுக்குத் தெரியும். அந்த அளவுப் பெட்டி அம்பாங் லோரிக்கு மட்டும்தான் போகும். சொன்னால், பதினோரு வருஷம் கற்றதை இன்றிலிருந்து இனாமாகக் கொடுக்கிறாள். சொல்லாவிட்டால் பெட்டி தப்பாகப் போகும். வந்து ஒரு வாரமான பெண்ணை நாளைக்கே அனுப்பிவிடுவார்கள். ருக்கையா வாயைத் திறக்க—

இங்கே நிறுத்திவிட்டேன். ஒரு வெள்ளிக்குப் புலம்பிய எனக்கு இதை முடிக்கும் யோக்கியதை இல்லை. நீங்கள் முடியுங்கள்.

சிந்து பெட்டியோடு நின்றுகொண்டிருக்கிறாள். பெட்டி கனம். சீக்கிரம் சொல்லுங்கள்.