மகள் ஓடி வளர்த்த உடம்பு

ராணுவ அகாடமிக்கு விண்ணப்பிப்பதற்காக மகள் ஓட ஆரம்பித்த முதல் மாதத்திலேயே டயர்க்கடைக்காரருக்குத் தொப்பை கரைந்துபோனது. ஓடியது அவள்தான், பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண். அவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி பின்னாலேயே வந்தார், கழுத்தில் விசில், ஒரு கையில் கிரீம் பன். அவள் மூச்சு வாங்க நின்றால் வாய் நிறையப் பன்னோடு "ம்ம், ம்ம்" என்று கையை ஆட்டி விரட்டுவார். வேர்வை அவளுக்கு வழிந்தது, சதை அவருக்கு இறுகியது. அவள் தண்டால் எடுத்தால் அவருடைய சட்டைப் பொத்தான் தெறித்தது. போன வருஷம் தைத்த பள்ளிச் சீருடை அவளுக்கு இந்த வருஷமும் தொளதொளவென்று தொங்கியது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற அம்மா இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டும் சரியாகவே இருந்தன. அதற்குமேல் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மகளுக்குத் தினமும் ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். அந்த முட்டையும் அப்பாவின் தோளில்தான் போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையைப் பெற்றவர்கள் தாங்களே எழுதியதாகச் சொல்லிக்கொள்கிற தெரு அது. அதனால் டயர்க்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இன்னைக்குப் பத்து கிலோமீட்டர் ஓடினோம், உடம்பெல்லாம் வலி" என்று சொன்னபோது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. வலித்தது யாருக்கு என்று கேட்பாரும் இல்லை. லாரி டயரை ஒற்றைக் கையால் தூக்கி அடுக்குகிற மனிதரிடம் போய் அதையெல்லாம் யார் கேட்பார்கள்! காலையில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்பார். பள்ளிக்குக் கிளம்புகிற மகளைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாரும்மா, கல்லு மாதிரி இருக்கு" என்று கையை மடக்கிக் காட்டுவார். எண்ணெய் பூசிப் பளபளக்கிற அந்தச் சதையைத் தொடாமல் அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே போவாள். தன் கெண்டைக்கால் வலியெல்லாம் அங்கே போய் உருண்டு நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு அகாடமி வேண்டும், வேறெதையும்விட அதுதான் வேண்டும். அந்த வீட்டில் எழுந்திருக்கவும் உட்காரவும் அப்பா உத்தரவு போட வேண்டும். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துதான் ஆக வேண்டுமென்றால் அர்த்தமுள்ள உத்தரவுக்குக் கீழ்ப்படிவோமே, ஒருநாள் நாமும் ஒரு படையை நடத்துவோமே என்று அவள் நினைத்தாள். கணக்கும் பூகோளமும் படித்துத் தீர்த்தாள். நல்ல வேளையாகப் படிப்பு அவளிடமே தங்கியது, அதன்மேல் அவருக்கு ஆசை இல்லை. ஒருநாள் மட்டும் வெட்கத்தை விட்டுக் கேட்டாள், "அப்பா, ஒரு மாசம் நீங்க ஓடுங்க, எனக்குக் கொஞ்சம் உடம்பு ஏறுதான்னு பார்ப்போம்." புஜத்தைத் தடவிக்கொண்டே அவர், "எனக்கு முட்டி வலிம்மா" என்றார்.

எழுத்துத் தேர்வில் அவள் முதல் வரிசையில் வந்தாள். உடல் தேர்வு நாளன்று வர வேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொல்லியும் அவர் வந்து மைதானக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கடைசி ஆளாக ஓடி முடித்து வாந்தி எடுத்தாள். கம்பியில் தொங்கி அவள் உடம்பை மேலே இழுத்தபோது வேலிக்கு வெளியே அவர் சட்டை தையல் விட்டுக் கிழிந்தது. தேர்வுக்குழுத் தலைவர் வெகுநேரம் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். யார் அது என்று கேட்டு, அப்பா என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிடச் சொன்னார். வயதைப் பற்றிக் குழுவில் சிறிது விவாதம் நடந்தது. இந்த உடம்புக்கு அந்தப் பிறந்த தேதி பொருந்தவில்லை, ஆகவே தேதிதான் தவறு என்று முடிவாயிற்று. எழுத்துத் தேர்வை ஏற்கனவே குடும்பத்தில் ஒருவர் எழுதியாகிவிட்டது என்றும் குறித்துக்கொண்டு அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

"வேண்டாம்னு சொல்லுங்கப்பா" என்று மகள் அவர் கையைப் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "யார் போனா என்னம்மா, நம்ம வீட்டு ஆளுதானே" என்றார். சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று அவள் பிடித்த கையை உதறினாள். அந்த வாரமே அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அகாடமிக்குப் போனார். தெருவே திரண்டு மாலை போட்டது. பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் ஓடுவதை நிறுத்தினாள். அம்மா வேலையை விட்டுவிட்டு டயர்க்கடையைத் திறந்தாள், சில மாதத்தில் கடை முன்னைவிட நன்றாக ஓடியது. இருவரும் தோன்றிய நேரத்துக்கு எழுந்தார்கள், தோன்றியதைச் சாப்பிட்டார்கள், கண்ணாடியில் தலை மட்டும் சீவினார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அகாடமியிலிருந்து போன் வந்தது. குரல் இளைத்திருந்தது. "ஏம்மா, ஓடலையா நீ? பரேடுல மூச்சு முட்டுது. பேன்ட் இடுப்புல ஏறமாட்டேங்குது. இப்படியே போனா வீட்டுக்கு அனுப்பிருவாங்கம்மா." மகள் போனை வைத்தாள். நன்றாக வேண்டும், வந்து டயரை உருட்டட்டும் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அம்மா அப்போது ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், உரிப்பது நின்றுபோயிருந்தது. "என்னவாம்?" என்றாள். மகள் சொன்னாள். அம்மா ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, "அலாரம் வேண்டாம்டி, நானே எழுப்பி விடறேன்" என்றாள்.

அவர் இப்போது கேப்டன். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் தெருக்காரர்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் கைகுலுக்கிவிட்டுப் போகிறார்கள், அவள் ஓடுகிற நேரத்தில் வண்டிகளை ஓரமாக நிறுத்திக்கொள்கிறார்கள். மலைப் பயிற்சி என்று போன் வந்தால் முதுகில் செங்கல் கட்டிக்கொண்டு ஓடுகிறாள். கல்லூரி முடிந்து கடையில் பாதிப் பொறுப்பு அவளுடையதாகிவிட்ட பிறகும் ஒருநாள் விடுவதில்லை. காலையில் தெருமுனையில் காறித் துப்பிவிட்டு வேகத்தைக் கூட்டுவாள், மழையானாலும் காய்ச்சலானாலும் நிற்கமாட்டாள், நின்றால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.