முன்னால் வர வேண்டிய சொல்

கோழிக்கறி ஆலையில் டில்சியாவும் ஆஞ்சோவும் இரண்டு வருஷமாக ஒரே பெல்ட்டின் இரு முனைகளில் நின்று வேலை பார்த்தார்கள். அவள் ஹோண்டுராஸ்காரி, நாற்பத்தொரு வயது. அவன் மார்ஷல் தீவுக்காரன், முப்பதைத் தொடாதவன். அமெரிக்காவில், ஆர்கன்சாவின் அந்தச் சின்ன ஊரில் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷ் ஒன்றுதான்.

மார்ச்சில் ஒரு நாள் எலும்பு சிக்கி பெல்ட் நின்றது. ஸ்விட்ச் தூணுக்குப் பின்னால். ஆஞ்சோ நின்ற இடத்திலிருந்து அது கண்ணில் படவே படாது; டில்சியாவின் பக்கத்திலிருந்து பாதி தெரியும். யாராவது அணைத்துவிட்டார்களா என்று அவளுக்குச் சந்தேகம்.

“த பெல்ட் இஸ் ஆஃப்?” என்று கத்தினாள்.

அவள் தாய்மொழியான ஸ்பானிஷில் குரலை ஏற்றினால் போதும், சொன்னதே கேள்வியாகிவிடும். இரைச்சலில், காதில் அடைப்பானோடு நின்றவனுக்கு அந்த ஏற்றம் எட்டவில்லை. பெல்ட்டை அணைத்தாயிற்று என்று எடுத்துக்கொண்டு, எலும்பை எடுக்க உள்ளே கையை விட்டான். எலும்பு விலகியதும் பெல்ட் ஓடியது. அவன் சுண்டுவிரலில் ஒரு கணு போய்விட்டது.

“நீதானே ஆஃப்னு சொன்னே?” என்றார் சூப்பர்வைசர் டுவைட்.

“சொல்லல. கேட்டேன்.”

“அவன் காதுல அப்படி விழலையேம்மா.”

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவள் கோப்பில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சூப் எடுத்துக்கொண்டு ஆஞ்சோவைப் பார்க்கப் போனாள். “உங்கள நம்பித்தான் கைய விட்டேன் அக்கா” என்றான். அதில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் போட்டுக் குடைந்தது.

ஊர் நூலகத்தில் செவ்வாய்தோறும் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். நடத்தியவள் வெர்னா; டில்சியாவின் மகள் வயதுதான் இருக்கும். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதினாள். நடுவிலிருந்த ‘இஸ்’ஸை அழித்து முன்னால் போட்டாள்.

“கேள்விய குரல்ல மட்டும் வச்சா சத்தத்துல தொலைஞ்சு போயிடும். வாக்கியத்தோட தலையிலேயே வச்சிடுங்க. முதல் சொல் காதுல விழுந்ததுமே, ‘ஓ, நம்மளக் கேக்கறாங்க’ன்னு தெரிஞ்சிடும்.”

‘இஸ்’ சீக்கிரம் படிந்தது. ‘டிட்’தான் உயிரை வாங்கியது. ‘டிட் யூ வென்ட்’ என்றே வாயில் வரும்.

“நடந்து முடிஞ்சதுங்கிறத ‘டிட்’ சுமந்தாச்சு. ‘வென்ட்’டும் எதுக்கு சுமக்கணும்? அது சும்மா ‘கோ’ன்னு வரட்டும்” என்று வெர்னா சிரிப்பாள். டில்சியா பஸ் டிரைவரிடம் கேட்டுப் பழகினாள். ஆள் கிடைக்காதபோது வீட்டு ஃபிரிட்ஜிடம் கேட்டாள்.

மே மாதம் பாதுகாப்புக் கூட்டம். சாப்பாட்டு அறையில் அறுபது பேர். மேலாளர் வந்திருந்தார். பேச்சில் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டுமென்று டுவைட் அறிவுரை சொல்லிவிட்டு, “ஏதாவது கேக்கணுமா?” என்றார். யாரும் கேட்டது கிடையாது. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

டில்சியா எழுந்தாள்.

“டிட் எனிபடி கேவ்...”

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்றான். அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

“டிட் எனிபடி கிவ் ஆஞ்சோ எ லாக்?”

பெல்ட்டுக்குள் கையை விடுகிறவனே, அணைத்த ஸ்விட்ச்சைப் பூட்டிச் சாவியையும் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விதி அதே அறையின் சுவரில் ஒட்டியிருந்தது. ஆஞ்சோவுக்குப் பூட்டு கொடுத்தார்களா, இல்லையா? மேலாளர் டுவைட்டைப் பார்த்தார்.

“பூட்டெல்லாம் ஆபீஸ் அலமாரியில இருக்கு சார்.”

“வேர் இஸ் த கீ?” என்றாள் டில்சியா.

“அலமாரிச் சாவியா... தேடணும்” என்றார் டுவைட். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் ஒவ்வொரு ஸ்விட்ச் பக்கத்திலும் சிவப்புப் பூட்டு தொங்கியது. எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்கள்.

ஜூனில் ஆஞ்சோ வேலைக்குத் திரும்பினான். மதியம் தட்டோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“கூட்டத்துல பேசினத சொன்னாங்க அக்கா. அன்னைக்கு நீங்க கேக்கத்தான் செஞ்சிருக்கீங்க. எனக்குத்தான் புரியல.”

“எனக்கும்தான் கேக்கத் தெரியல, தம்பி.”

இரண்டு வருஷத்தில் இவனைப் பற்றி ஒன்றுமே கேட்டதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மனசுக்குள் சொற்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, அவனுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டாள்.

ஆஞ்சோ ஃபோனை எடுத்து, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமியைக் காட்டினான். மகள், பெயர் நெய்மோன் என்றான். டில்சியா அடுத்த கேள்வியை யோசித்தாள்.