ஆறுமணிக் குருவிக்கு ஒரு செருமல்

என் வீட்டுக்காரர் ஒன்பது வருடம் கழித்து சைகோனிலிருந்து வந்து இறங்கியபோது இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கேமரா, ஒரு குருவி ஆகியவற்றோடு வந்தார். பெட்டிகளும் கேமராவும் கையில் இருந்தன. குருவி எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏற்கெனவே இருந்தது. அது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது.

அவர் பெயர் மீரா சாகிப். வந்ததே குழப்பமான நேரம், ஐம்பத்து நாலாம் வருடம் ஐப்பசிக் கடைசி. கப்பல் ஏறும்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, இறங்கும்போது இந்தியாவாகியிருந்தது. எந்த அதிகாரியிடம் எந்தக் காகிதத்தை நீட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் அலைந்திருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்த பிறகும் அதே திருதிரு முழிதான். கதவைத் திறந்த என்னைப் பார்த்து, கைருன்னிஸா இருக்கிறாளா என்று கேட்டார். நான்தான் கைருன்னிஸா. கல்யாணமாகிப் பத்து மாதம் கூட இருந்துவிட்டுக் கடல் கடந்து சபர் போனவருக்கு முகம் மறந்து போனது பெரிய குற்றமில்லை என்று என் உம்மா சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். நான் அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

என் முகத்தை மறந்தவர் அந்தக் குருவியை மறக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கல்யாணமான வருடம் பனிக்காலத்தில் எங்கள் கொல்லையில் பார்த்தாராம். முதுகு பச்சை, தோள் நீலம், வயிறு வெளிர் மஞ்சள், வாலுக்கடியில் ரத்தச் சிவப்பு, கண்ணில் மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. ஐப்பசியில் வந்து பங்குனியில் போய்விடும். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணிக்கு இரண்டு சத்தம் விசில் அடிக்கும். இதையெல்லாம் சைகோனில் தன் மருந்துக்கடை முதலாளியான துரையிடம் சொல்லியிருக்கிறார். துரைக்குக் குருவிப் பைத்தியம். அவர் தன் கேமராவையே கழற்றிக் கொடுத்து, அந்தக் குருவியைப் படம் எடுத்துக்கொண்டு வா, எடுக்கும் வரைக்கும் லீவு, எடுத்ததும் அடுத்த கப்பலில் ஏறிவிடு என்று சொல்லி அனுப்பினாராம். பங்குனி முடிந்து குருவி போகும்வரை படம் கிடைக்காவிட்டால் அந்த வேலையில் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். இப்படியும் ஒரு லீவா என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. குருவி படத்தில் விழுந்தால் இவர் கப்பலில் ஏறுவார்.

போகாதீங்க என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் அப்படி யாரும் சொன்னதில்லை. சபர் போகிறவரைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கடலில் அவருக்கு ஆகாது என்பார்கள். அதனால் இங்கே பெண்டாட்டிகள் வாயை மூடிக்கொண்டு பலகாரம் சுட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். எங்களுக்கு ஆண்பிள்ளைகள் என்றால் கடிதம், அவ்வளவுதான். அவர்கள் பக்கத்திலிருந்தும் போகப் பிடிக்கவில்லை என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆக, ஒரு பக்கம் குருவி, ஒரு பக்கம் கப்பல், நடுவில் நான். ஆரம்பத்தில் எனக்குத் துணை நின்றது எங்கள் ஊர் வழக்கம்தான். எங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். என் உடன்பிறந்தவர்கள், பெரியம்மா மக்கள் என்று நாலு வீடும் ஒரே வரிசை. நாலு கொல்லைக்கும் நடுவில் கதவுகள் உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமல் கொல்லை வழியாகவே போவோம், வருவோம். கேணியும் பொது. ஆகவே எந்த ஆண்பிள்ளை கொல்லையில் கால் வைத்தாலும் முதலில் பலமாக ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் வர வேண்டும். முக்காடு நழுவினவர்கள் சரிசெய்துகொள்வார்கள், குளிக்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள்.

என் வீட்டுக்காரர் எதை மறந்தாலும் இந்தச் செருமலை மறக்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வருவார், கேமராவைக் கழுத்தில் மாட்டுவார், பூனை மாதிரி பின்கட்டு வரை வருவார். பூவரசு மரத்தடியில் குருவி சருகைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருக்கும். இவர் நின்று, தொண்டையைத் திரட்டி, ஒரு செருமல். குருவி போயே போய்விடும். தினம் இதே கூத்து. செருமாமல் போனால் மானம் போகும், செருமினால் குருவி போகும். ஆடு கத்தினால்கூட அசையாத அந்தக் குருவி இவர் தொண்டைக்கு மட்டும் பயந்தது. நான் சமையற்கட்டு ஜன்னலில் நின்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒரு நாள் கேமராவில் கறுப்பு வெள்ளைதான் விழும் என்று சொன்னார். இத்தனை நிறக் குருவியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மைனாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், பேசாமல் ஒரு மைனாவை எடுத்துக் கொடுத்துவிட்டால் துரைக்குத் தெரியவா போகிறது என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நானே அவரைக் கப்பலேற்ற வழி சொல்கிறேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மைனாவை எடுத்தால் அது பொய் என்றார் அவர்.

மார்கழியில் என் பெரியம்மா மகள் ஷரீபுன்னிசா லாத்தா வந்து காரியத்தைக் கெடுத்தாள். கேமராவுக்கு மேலும் கீழுமாக இரண்டு கண் இருப்பதைப் பார்த்து முதலில் அவளுக்கு ஒரே கிலி. ஒரு கண் குருவியைப் பார்த்தால் இன்னொரு கண் எதைப் பார்க்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தெரியுமா என்று ஆயிரம் கேள்வி. தெரியாது என்று நான் சத்தியம் பண்ணின பிறகு அவளுக்கு இரக்கம் பிறந்துவிட்டது. பாவம், மாப்பிள்ளை தொண்டை வறளச் செருமுகிறாரே என்று நாலு வீட்டுப் பெண்களையும் கூட்டிப் பேசினாள். ஐந்தரை முதல் அந்தி மஃரிப் பாங்கு வரை எவரும் கொல்லைக்கு வருவதில்லை, கேணிக்கரைக் கொடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் ஆண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம், அவர் செரும வேண்டாம் என்று முடிவானது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

முதல் நாள் துண்டு தொங்கியது. இவர் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார். குருவி சருகுக்குள்ளிருந்து தத்தித் தத்தி வந்து, கட்டை வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றது. அவர் குனிந்து கேமராவுக்குள் பார்த்தார். அப்போது எனக்கு இருமல் வந்தது. வந்தது என்ன வந்தது, வரவழைத்தேன். குருவி போய்விட்டது. அவர் ஜன்னலைப் பார்த்து, புகையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று அடுப்பே மூட்டவில்லை.

அடுத்து வந்த நாட்களிலும் புகைதான். ராத்திரி படுத்தால் உறுத்தும். ஒரு மனிதன் சோற்றுக்கு வழிசெய்யும் வேலையை நான் இருமி இருமிக் கெடுக்கிறேனே, இவருக்கு அங்கே போக ஆசை இருந்தால் நான் செய்வது துரோகம் இல்லையா என்று தோன்றும். ஆசை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

தை பிறந்ததும் திடீரென்று கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். நீ பெண்பிள்ளை, உனக்குத் துண்டும் வேண்டாம், செருமலும் வேண்டாம், நீயே எடு என்றார். இவருக்குப் படம் வேண்டுமா வேண்டாமா என்று நான் குழம்பிப் போனேன். அந்தக் கேமராவில் நேரே பார்க்க முடியாது, மேலே உள்ள கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் குருவி அத்தனை அழகாக நின்றது. அது வலப்பக்கம் போனால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். நான் கண்ணாடியை நம்பி இடப்பக்கம் திரும்புவேன், குருவி வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். துரத்திக்கொண்டே போய் வாழைக்குலையில் முட்டிக்கொண்டேன். ஒரு நாள் கேணிக்குள்ளேயே விழுந்திருப்பேன், ஷரீபுன்னிசா லாத்தா முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். பாதி தெரியாமலும் பாதி தெரிந்துமாக ஒரு சுருளில் பன்னிரண்டு படத்தையும் தீர்த்தேன்.

கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தங்கையன் கழுவிக் கொடுத்தார். ஒன்று என் கால் கட்டைவிரல். இரண்டில் கேணி ராட்டினம். ஒன்றில் பக்கத்து வீட்டு ஆட்டின் பாதி, மற்றதெல்லாம் சருகு. ஏன் உங்கள் வீட்டில் சருகைப் படம் எடுக்கிறார்கள் என்று தங்கையன் கேட்டாராம். ஒரு சுருள் வீணானதற்கு இவர் கோபப்படுவார் என்று நான் கதவோரம் நின்றேன். இவர் என் கட்டைவிரலைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

அந்த வாரமே துரையின் கடிதம் வந்தது. படித்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் மடித்தார். மறுநாளிலிருந்து கேமராவை மறுபடி அவரே எடுத்துக்கொண்டார். சரி, போக முடிவு பண்ணிவிட்டார் என்று நினைத்தேன். என் புகை இருமலுக்கு வேலை கூடியது.

நாகூர் தர்காவில் கந்தூரி விழா வந்தது. சந்தனக்கூட்டுக்கு நாலு வீட்டுப் பெண்களும் உம்மாவும் மூன்று கூண்டு வண்டியில் மதியமே கிளம்பினார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிக் கடைசி நிமிஷத்தில் இறங்கிக்கொண்டேன். தலைவலி ஒன்றுமில்லை. நான் போய்விட்டால் அன்று இருமுவதற்கு ஆள் இல்லை, அதுதான் காரணம். இவர் அப்போது பள்ளிவாசலில் இருந்தார், நானும் போய்விட்டதாகவே நினைத்திருப்பார்.

அஸருக்குப் பிறகு வந்தார். ஆளில்லாத வீடு என்றாலும் முறை தவறாமல் சிவப்புத் துண்டைக் கொடியில் போட்டார். பூவரசுக்குக் கீழே மணையில் உட்கார்ந்தார். நான் சமையற்கட்டு இருட்டில் ஜன்னலோரம் நின்றேன்.

குருவி வந்தது. இத்தனை நாளில் அது அவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை. இவர் காலுக்கு நாலு முழத்தில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, சுவரிலிருந்து விழுந்த ஒரு செங்கல்லின் மேல் ஏறி நின்றது. படம் எடுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பின மாதிரி இருந்தது. அவர் குனிந்தார். கண்ணாடியைத் திருகினார்.

இருமலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்தவள், அவர் குனிந்திருந்த கழுத்தைப் பார்த்தேன். பின்கழுத்தில் முடி நரைத்திருந்தது. இந்த மனிதன் மூன்று மாதமாக ஒரு குருவிக்காகக் காத்துக் கிடக்கிறான், கெடுக்க நான் யார் என்று மனசு விட்டுப் போயிற்று. போகட்டும், ஆசைப்பட்டதை எடுத்துக்கொண்டு போகட்டும். முக்காட்டுத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். அழுகையும் வந்தது, அதையும் சேர்த்து அடைத்தேன்.

டிக் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. குருவி நின்றது, அவர் பார்த்தார், குருவி நின்றது. அப்புறம் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார். கேணியைப் பார்த்தார், நாலு கொல்லைக் கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு பெண்பிள்ளை கிடையாது. தொண்டையைத் திரட்டினார். நாகூருக்குக் கேட்கும்படியாக ஒரு செருமல் செருமினார்.

குருவி மதிலுக்கு அப்பால் போய்விட்டது. அவர் கேமராவை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யாருக்காகச் செருமினார் என்று நானும் ஒரு முறை கொல்லை முழுக்கப் பார்த்தேன். பிறகு விளங்கியது. விளங்கினதும் கால் தானாக நடந்தது. பின்வாசல்படியில் நின்று, எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியமாக, நானும் பலமாக ஒரு செருமல் செருமினேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நீ கந்தூரிக்குப் போகலையா?"

"போகல. யாருமில்லாத கொல்லையில நீங்க எதுக்குச் செருமுனீங்க?"

கொடியில் தொங்கின துண்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அடுப்பே மூட்டாம உனக்குப் புகையடிச்சுச்சே, அது மாதிரிதான்."

எனக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. எத்தனை நாளாக அவருக்குத் தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அது முடிந்த கையோடு மதிலுக்கு அந்தப் பக்கம் குருவி இரண்டு சத்தம் விசில் அடித்தது. இவர் எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"போயிடல, இங்கதான் இருக்கு. பங்குனி வரைக்கும் தினம் வருமே," என்றார். குரலில் கவலை இருந்தது.

"வரட்டும். நாளைக்கு நான் செருமிக்கிறேன், உங்களுக்குத் தொண்டை புண்ணாயிடும்," என்றேன்.