ஒன்பதாம் நம்பர் காட்டுக்குப் போகிற பாட்டு

எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் போகிற பெண்கள் எட்டுப் பேர். காலை ஏழு மணிக்குள் அங்கே நின்று பேர் கொடுக்க வேண்டும். வழியில் ஒற்றைத் தந்த யானை, ஒற்றைக்கொம்பன், இருப்பான். இருக்கலாம் என்று எழுதினால் அது பொய். பனியில் யானைக்கும் பாறைக்கும் வித்தியாசம் பத்தடியில்தான் தெரியும்.

அதனால் என் அம்மா முருகேஸ்வரி கொழுந்துக் கூடைக்குள் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பாள். மூன்று வருஷமாக ஒரே பாட்டு. உறுமி, பம்பை, சொல்லே கிடையாது. அதைக் கேட்டால் அவன் ஓடைப்பக்கம் விலகிவிடுவான். வேறு பாட்டுப் போட்ட ஒரே நாளில் பாதையிலேயே நின்று காதை விரித்தான். அதன்பிறகு யாரும் பாட்டை மாற்றவில்லை. காவலுக்கு ஓர் ஆள் போடச் சொல்லி மூன்று மனு எழுதினேன். கம்பெனி ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

ஆடி மழையில் மெமரி கார்டு செத்தது. மொபைல் கடை ஜின்சன் சொன்னான்: "அந்தப் பாட்டப் போட்ட தேனிக்காரங்க சைட்ல விக்கிறாங்க. ஒரு தடவ வாங்கிட்டா உங்களோடது. கார்டுல ஏத்தித் தாரேன்."

நான் சிரித்தேன். லயத்தில் முதல் டிகிரி நான்தான். மூணாறில் ரிசார்ட் ரிசப்ஷனில் வேலை. எல்லாருக்கும் வருகிற நோட்டீஸைப் படித்துச் சொல்கிறவளும் நான்தான்.

"ஒத்தப் பாட்ட வெல குடுத்து வாங்க நாங்க என்ன கிறுக்கா? எங்கிட்ட ஆப் இருக்கு. மாசாமாசம் கட்டுறேன். உலகத்துப் பாட்டெல்லாம் அதுல கெடக்கு."

"அவங்க எடுத்துட்டா?"

"ஒங் கடை ஓடணும்னு பயங்காட்டாத ஜின்சா."

கடையிலேயே அம்மாவின் போனில் என் கணக்கைப் போட்டு, பாட்டை இறக்கி, போனை ஸ்பீக்கரோடு இணைத்து, பச்சை டிக்கைக் காட்டினேன்.

"எறங்கிருச்சா ஏட்டி ஆர்த்தி? இனி போனுக்குள்ளதான இருக்கு?"

"இருக்கும்மா. சிக்னல் இல்லாட்டியும் பாடும்."

கூட நின்ற செபமாலையம்மாள் சிரித்தாள். "மாதாவும் ஆர்த்தியும் இருக்கையில கொம்பன் என்னத்தக் கிழிச்சிருவான்?"

இரண்டு மாதம் பாடியது.

புரட்டாசியில் ஒரு காலை, மூணாறு பஸ்ஸில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன். பாட்டின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தொட்டேன். இப்போது கிடைக்காது என்றது. பணமெல்லாம் ஒழுங்காகக் கட்டித்தான் இருந்தேன். நிபந்தனைகளைத் தேடிப்பிடித்துப் படித்தேன், முதல் தடவையாக. உரிமைக்காரர் எடுத்துக்கொண்டால் இறக்கி வைத்ததும் போய்விடுமாம். நெட்டைத் தொட்ட நொடியில் போனே அழித்துவிடுமாம்.

லயத்திலும் காட்டுப் பாதையிலும் சேர்த்து நெட் கிடைக்கும் இடம் ஒன்றுதான். ஓடைக்கு மேலே இருக்கிற வளைவு. மணி ஆறு நாற்பது.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி," என்று கிசுகிசுத்தாள். "பாட்டு பாதியில நின்னுருச்சு. தானா வேற என்னமோ வந்து ஒரு பொம்பள கத்துறா. நிப்பாட்டத் தெரியல. நல்லவேள நீ கூப்பிட்ட, அடங்குச்சு."

"எங்கம்மா நிக்க?"

"வளைவுல. அவன் முன்னால நிக்கான்."

"அப்படியே மெதுவா பின்னால வா..."

என் குரல் எனக்கே பெரிதாகத் திரும்பிக் கேட்டது. அப்போதுதான் புரிந்தது. போன் அம்மாவின் கையில் இருக்கிறது. நான் பேசுவது கூடைக்குள் இருக்கிற ஸ்பீக்கரில் வருகிறது. அவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வாயை மூடினேன். வைத்துவிட்டால் அந்தக் கத்தல் மறுபடி தொடங்கும். வைக்காவிட்டால் பஸ் இரைச்சல் அங்கே போய்க்கொண்டே இருக்கும். மைக்கை விரலால் பொத்தப் போனேன். அதற்குள் கண்டக்டர் டபுள் பெல் அடித்தார். அது அந்தப் பக்கம் மலையில் ஒலித்ததைக் கேட்டேன். அடுத்து, "மாதாவே!" அப்புறம் செடி முறிகிற சத்தம். லைன் போய்விட்டது.

ஏழு பேர் செடிக்கடியில் புகுந்து தப்பினார்கள். செபமாலையம்மாள் வடிகாலில் விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பாட்டை வாங்க நேரே ஜின்சனிடம் போனேன்.

"அந்தத் தேனிக் கம்பெனியே இப்ப இல்ல," என்றான். "சைட்ட மூடிட்டாங்க. எவ்வளவு குடுத்தாலும் விக்க ஆளில்ல."

அவன் குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். குத்திக்காட்டவில்லை.

மறுநாள் காலை அம்மா கூடையை எடுத்தாள். வேலைக்கு வராதவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். எந்தப் பாட்டைப் போடட்டும் என்று அவள் கேட்கவில்லை. என்னிடம் எதையுமே கேட்கவில்லை.

நான் ரிசார்ட்டுக்குப் போகவில்லை. "பின்னால வாங்க, நான் முன்னால போறேன்," என்றேன். வரிசையாக வந்தார்கள்.

வளைவு வரை எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்தான். அவன் எப்போதும் விலகுகிற ஓடைப்பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தேன். அங்கே ஒன்றும் அசையவில்லை.

கிளை முறிந்தது மேலே, எங்களுக்குப் பின்னால்.