ஆஸ்பத்திரி எதிரில் ஒரு ஸ்பூன் வேர்க்கடலை

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் சாயங்காலக் கடலை உருண்டையை நிறுத்திய பெருமை என்னையே சேரும். அதற்காக நான் கூச்சல் எதுவும் போடவில்லை. பவர்பாயிண்ட் போட்டேன்.

நான் கம்பெனி லேபில் வேலை செய்கிறேன். ஷூவுக்கு வெட்டப்போகும் தோலில் சாயம் நிற்கிறதா, கையோடு வருகிறதா என்று தேய்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. படித்தது பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் படிக்கப் போன முதல் ஆள். அப்பாவும் அதே கல்லூரிக்குள் போயிருக்கிறார், சுண்ணாம்பு அடிக்க. இதை யாரிடம் அறிமுகமானாலும் உடனே சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்லிவிட்டேன்.

என் மகள் அக்சாவுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. கை மடிப்பில் லேசாகக் கரப்பான் சொறி உண்டு. எட்டாவது மாதத்தில் அவித்த முட்டையில் ஒரு விள்ளல் கொடுத்தபோது முகமும் வயிறும் தடித்துச் சிவந்துவிட்டன. நானும் என் வீட்டுக்காரர் ஜோசுவாவும் பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். தடிப்பு அன்றைக்கே அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை.

டாக்டர் மேகலா அன்றைக்குத் தெளிவாகச் சொன்னார். "முட்டைய இப்போதைக்கு நிறுத்திடுங்க. வேர்க்கடலைய மட்டும் தள்ளிப் போடாதீங்க. தள்ளிப் போட்டாதான் அலர்ஜி வர்றதுக்கு சான்ஸ் ஜாஸ்தி. பீனட் பட்டர வெந்நீர்ல கரைச்சு, ஸ்பூன் நுனியில வெச்சு ஆரம்பிங்க. முழுக் கடலை வேணாம், தொண்டையில மாட்டிக்கும். பகல்ல குடுங்க, ரெண்டு மணி நேரம் பாத்துக்குங்க. அவ்ளோதான்."

நான் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மிச்சத்தை இன்டர்நெட்டில் தேடினேன். அங்கே அமெரிக்காவில் ஒரு குழந்தை பக்கத்து இருக்கையில் யாரோ கடலை தின்றதற்கே மூச்சுத் திணறியிருந்தது. என் அம்மா வழிச் சொந்தம் முழுக்கக் கணியம்பாடிப் பக்கம் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கியவர்கள். மண்ணோடு பச்சைக் கடலையை வாயில் போட்டு வளர்ந்தவள் நான். அந்த நான் பீனட் பட்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பி லேபிள் படித்தேன். சர்க்கரை இல்லாதது, உப்பு இல்லாதது என்று தேடி ஜோசுவா வேலூரிலிருந்து வாங்கிவந்த பாட்டில் அலமாரியில் மூடி திறக்காமலே கிடந்தது.

இதற்கிடையில்தான் காப்பகம். அங்கே சௌந்தரம் அக்கா சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கடலை உருண்டை கொடுப்பார். சின்னதுகளுக்குப் பொடித்துக் கொடுப்பார். எச்.ஆர். மேனேஜர் நிசார் அஹமதின் அறையில் நான் ஸ்லைடுகளை ஓட்டினேன். கடைசி ஸ்லைடில் சிவப்பு முக்கோணத்துக்குள் ஒரு வேர்க்கடலை. அவர் அந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வருகிற கம்பெனியில் முக்கோணத்துக்கு ரொம்ப மரியாதை. மறுநாளிலிருந்து உருண்டை போய் பிஸ்கட் வந்தது.

தையல் லைனில் இருக்கும் தில்ஷாத் அக்கா கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் மகன் ஹம்மாதும் அந்தக் காப்பகத்தில்தான்.

"மேடம், உங்க பொண்ணு வேர்க்கடல சாப்ட்டு இன்னா ஆச்சு?"

"இன்னும் குடுக்கலக்கா."

சுற்றியிருந்த மேஜைகளில் சாப்பாடு நின்றது.

"குடுக்கவே இல்லியா? குடுக்காமயே எங்க பசங்களுக்கு நிறுத்தினியா நீ?"

'மேடம்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு இறங்க அவருக்கு ஒரு வாய்ச் சோறு கூடத் தேவைப்படவில்லை.

"ரிஸ்க் இருக்குக்கா. உங்களுக்குப் புரியாது."

"ஆமா, எங்களுக்கு இன்னா புரியும். நாங்க மிஷின் ஓட்றவங்க. வேர்க்கடலைய அரைச்சு பாட்டில்ல ஊத்தி இங்கிலீஷ்ல பேரு வெச்சாதான் உனக்குப் பயமே வருது."

என் காது சூடானது. கோபம் வந்தால் எனக்கு நல்ல பதில்களும் வரும், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

தையல் லைன் முழுக்கக் கையெழுத்துப் போட்டு ஒரு மனு போனது. நிசார் அஹமது என்னைக் கூப்பிட்டார். "ஷர்மிளா, திங்கட்கிழமைல இருந்து உருண்டை திரும்ப வருது. உன் குழந்தைக்கு ஒத்துக்காதுன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் குடு. அப்போ காப்பகத்துல சேத்துக்க முடியாது. அந்தப் பொறுப்ப நான் எடுத்துக்க மாட்டேன்."

அக்சாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. காப்பகம் இல்லையென்றால் லேப் இல்லை. ஒரு ஸ்பூன் நுனியில் குழந்தையின் மூச்சும் என் வேலையும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோசுவா ஜோலார்பேட்டையில் டியூட்டியில் இருந்தார். போன் செய்தேன்.

"வீட்லயே குடேன். டாக்டர் வீட்லதான குடுக்கச் சொன்னாங்க?"

"வீட்ல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ரயில்வே கேட் இருக்கு. கேட் போட்டுட்டா?"

"நான் ரயில்வேடி. கேட்ட எடுத்துட்டுப் பாலம் கட்டி எத்தன வருஷம் ஆவுது."

"பாலத்துல டிராஃபிக் இருந்தா?"

"சரி, எங்க வெச்சு குடுக்கப் போற?"

ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே ஒரு பேக்கரி. வெளியே பெஞ்சு. அங்கிருந்து அவசர சிகிச்சை வாசல் தெரியும். முதல் நாளே போய் ரோட்டைக் கடந்து பார்த்து ஒத்திகையும் முடித்திருந்தேன். இதை ஜோசுவாவிடம் சொல்லவில்லை.

பெஞ்சில் எனக்கு முன்பே தில்ஷாத் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்குக்கா?"

"சாட்சி. நேத்து நீ இங்க ரோட்டத் தாண்டித் தாண்டிப் பாத்தத பேக்கரிக்காரரு சொன்னாரு, லைன்ல எல்லாரும் என்னைப் போகச் சொன்னாங்க. நீ பாட்டுக்குக் குடுக்காமயே திங்கட்கிழம வந்து ஒத்துக்கலன்னு சொல்லிட்டன்னா? அண்ணே, ரெண்டு டீ. மேடம் கணக்குல."

வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர், கொதிக்கவைத்த ஸ்பூன், கொதிக்கவைத்த கிண்ணம், மூன்றையும் பையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். கையை இரண்டு தரம் கழுவினேன். தில்ஷாத் அக்கா டீயை உறிஞ்சியபடி என்னை ஆபரேஷன் பார்ப்பதுபோல் பார்த்தார். அக்சா மடியில் நெளிந்தாள். எந்நேரமும் அவள் கையில் ஒரு தோல் துண்டு வேண்டும்; முந்தின நாள்தான் கொண்டுவந்த புதியதை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கை அளவு, நல்ல ரத்தச் சிவப்பு, லேபில் சோதனை முடிந்து மிஞ்சிய சாம்பிள். ஆம்பூரில் எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு முதல் பொம்மை இதுதான். வண்டி துடைக்க ஒன்று, கதவு அடித்துக்கொள்ளாமல் செருக ஒன்று, பல் முளைக்கிற பிள்ளைக்கு ஒன்று. அக்சா அதை வாயில் வைத்துக்கொண்டு அமைதியானாள்.

கரைத்த பீனட் பட்டரை ஸ்பூன் நுனியில் எடுத்தேன். அளவு அதிகமோ என்று பாதியைத் திரும்பக் கிண்ணத்தில் வழித்தேன். லேபில் சொட்டுக் கணக்கில் அளக்கிற கை.

"ஊட்டும்மா. டீயே ஆறிப்போச்சு."

தோல் துண்டை வாயிலிருந்து இழுத்துவிட்டு ஊட்டினேன். அக்சா நாக்கைச் சுழற்றினாள். யோசித்தாள். ஸ்பூனைப் பிடித்து இழுத்தாள்.

"புடிச்சிருக்கு பாரு," என்றார் தில்ஷாத் அக்கா. "ஆயிரம் ஸ்லைடு போட்டாலும் நாக்குக்குத் தெரியும்."

இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். போனில் டைமர் வைத்தேன். அவளுடைய மூச்சை எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கையை விட்டு, மறுபடி ஆரம்பித்தேன். அவள் தோல் துண்டை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள். பேக்கரிக்காரர் வந்து வேறு ஏதாவது வேண்டுமா, இல்லை இடத்தைக் காலி செய்கிறோமா என்கிற தோரணையில் நின்றார். பப்ஸ் சொன்னேன். பப்ஸ் வந்தது. குனிந்து பார்த்தேன்.

அக்சாவின் வாயைச் சுற்றிச் சிவந்திருந்தது. உதட்டோரம், தாடை, கழுத்து மடிப்பு, எல்லாம் சிவப்பு.

அதன் பிறகு நடந்ததைப் பேக்கரிக்காரர்தான் நன்றாகச் சொல்வார். நான் எழுந்த வேகத்தில் கிண்ணம் உருண்டது. ஒத்திகை பார்த்த இடத்தில் ரோட்டைக் கடக்காமல் வேறெங்கோ கடந்தேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் என் பரம்பரையை விசாரித்தார். ஒரு கால் செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் தில்ஷாத் அக்கா, கையில் என் பையோடு, "யா அல்லா, யா அல்லா" என்று ஓடிவந்தார். அந்தக் குரலில் கிண்டலே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

உள்ளே டாக்டர் மேகலாவே டியூட்டியில் இருந்தார்.

"பீனட்," என்றேன். குழந்தையை நீட்டினேன்.

டாக்டர் அக்சாவை வாங்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். வாயைத் திறந்து டார்ச் அடித்தார். சட்டையைத் தூக்கி வயிற்றையும் முதுகையும் பார்த்தார். அக்சா டார்ச்சைப் பிடிக்கப் பார்த்தாள்.

"மூச்சு நல்லா இருக்கு. வீக்கம் இல்ல. தடிப்பும் இல்ல," என்றார். பிறகு, "இதென்ன சிவப்பு?" என்று பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, குழந்தையின் தாடையில் முன்னும் பின்னும் தேய்த்தார்.

பஞ்சு சிவப்பானது. தாடை பழைய நிறத்துக்கு வந்தது.

தினமும் லேபில் நான் செய்வதும் இதுதான். நனைத்த வெள்ளைத் துணியால் தோலை முன்னும் பின்னும் தேய்த்து, துணியில் எவ்வளவு சாயம் ஏறுகிறது என்று பார்ப்பது. ஐந்து என்றால் சாயம் கொஞ்சமும் வரவில்லை, ஒன்று என்றால் படுமோசம்.

"ரெண்டு," என்றேன், என்னையறியாமல்.

"என்ன ரெண்டு?"

"கிரேடு, டாக்டர்."

தில்ஷாத் அக்கா அக்சாவின் கையிலிருந்து ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்த தோல் துண்டைப் பிடுங்கினார். பின்பக்கம் திருப்பினார். அங்கே ஒட்டிய சீட்டில், எச்சிலில் ஊறியும் அழியாமல் இருந்தது என் கையெழுத்து. பாஸ்.

"இத பாஸ் பண்ணது யாரு?" என்றார். அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்.

"அது லேடீஸ் ஷூவுக்கான தோலுக்கா. தண்ணியில தேய்ச்சா நிக்குது. எச்சில்ல ஊற வெக்கிற டெஸ்ட் பையர் கேக்கல. லேடீஸ் ஷூவ யாரும் நக்க மாட்டாங்கல்ல."

டாக்டர் மேகலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேர்க்கடலைக்கு இவ்ளோ பாத்தீங்க. சாயம் போட்ட தோல வாயில குடுத்திருக்கீங்க."

 ஸ்பூனைக் கொதிக்க வைத்ததைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இனிமே இது வாய்க்கே போகக் கூடாது. வெளிய பெஞ்சுல உக்காருங்க, மீதி நேரத்த இங்கயே பாத்துடலாம். எதுவும் வரலன்னா வாரத்துல ரெண்டு மூணு தரம் குடுத்துட்டே இருங்க. நிறுத்திடாதீங்க."

உட்கார்ந்தோம். அக்சா என் மடியில் தூங்கிப்போனாள். தில்ஷாத் அக்கா வெளியே போய் என் செருப்பைத் தேடி எடுத்துவந்து காலடியில் போட்டார். பேக்கரியில் நான் விட்டுவந்த பப்ஸையும் ஒரு காகிதத்தில் சுருட்டி எடுத்துவந்திருந்தார்.

"ஹம்மாதுக்குப் பொறந்தப்ப மூச்சு நின்னுபோச்சு," என்றார் கதவைப் பார்த்தபடி. "இதே ஆஸ்பத்திரிதான். இப்பவும் தூங்கறப்ப மூக்குகிட்ட கை வெச்சுப் பாப்பேன். அதுக்காக லைன்ல யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு நான் சொன்னேனா?"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்காமல் அழுகைப் பக்கம் போனது. அவர் பப்ஸில் பாதியைப் பிய்த்து என் வாயில் திணித்தார். டைமர் அடித்தது. அக்சாவின் வயிறு, முதுகு, கை மடிப்பு, எங்கும் ஒன்றுமில்லை. நானே நான்கு முறை பார்த்தேன். டாக்டர் ஒரு முறை பார்த்துவிட்டு, "போங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது, சாட்சி தன் கடமையைச் செய்திருக்கிறார் என்று. தையல் லைனைக் கடந்தபோது யாரோ, "வேர்க்கடல மேடம் வர்றாங்க, வழி விடுங்க" என்றார்கள். இன்னொருத்தி, "மேடம், என் துப்பட்டா சாயம் போவுது. நக்கிப் பாத்து கிரேடு போட்டுத் தர்றீங்களா?" என்றாள். நல்ல பதில் ஒன்று அன்று சாயங்காலம் வீட்டில் கிடைத்தது.

சௌந்தரம் அக்கா அக்சாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பொடிச்சுக் குடுக்கலாம்ல?" என்று கேட்டார். அவர் முகத்தில் எந்தப் பழியும் இல்லை. அதனால் இன்னும் கூச்சமாக இருந்தது.

"குடுங்கக்கா," என்றேன்.

லேபுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கைப்பையிலிருந்து டாக்டரின் அந்தப் பஞ்சை எடுத்தேன். கிளம்பும்போது குப்பையிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்தேன். விளக்குப் பெட்டிக்குள் வைத்து, சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் சாம்பல் நிற அளவு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

சரியாக இரண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.